நிழலில் உசந்த கன்றுகள்

ஸஜ்ஜாத் நானா மறுபடியும் அதே பாட்டைத்தான் பாடினார்.

"பாரு தங்கச்சி, என்னா உசரம்! என்ட பேனல் நிழல் விழுந்ததில இருந்து உன்ட கண்டெல்லாம் போட்டி போட்டு வளருது. நீ என்னடான்னா மூஞ்ச தூக்கி வெச்சிட்டு இருக்கே."

றுஸைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த பூவாளியை அப்படியே நானாவின் தலையில் கவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கூடப்பிறந்த மூத்தவர். வாப்பா மௌத்தான பிறகு வாப்பா இடத்தில் நின்று அவளை நிக்காஹ் முடித்துக் கொடுத்தவர். அந்த ஒரே காரணத்தால் நானாவின் தலை நனையாமல் தப்பியது.

"நானா, அது வளர்ச்சி இல்ல. எத்தன தரம் சொல்றது? அது வெயிலத் தேடி இழுபட்டுப் போகுது. தண்டப் பாருங்க, தைக்கிற நூல் மாதிரி இருக்கு. இலை வெளிறிப் போயிருக்கு. எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது."

"சாஞ்சா என்ன? உசந்திருக்கா இல்லியா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த மனுஷனோடு பேசினால் ரத்தக்கொதிப்புத்தான் வரும். நானா கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தார். அந்தக் கைபேசிக்குள் அவருடைய சோலார் பேனல் எவ்வளவு கரண்ட் தருகிறது என்று காட்டுகிற ஒரு படம் இருக்கிறது. காலையில் மெல்ல ஏறி, நடுப்பகலில் உச்சிக்குப் போய், பின்னேரம் இறங்குகிற ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டை அவர் காட்டாத ஆள் கலேவெலையில் கிடையாது. கல்யாண வீட்டில் காட்டினார். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில் காட்டினார். மையத்து வீட்டில், அழுகைக்கு நடுவில், காட்டப் போய், மதினி கண்ணை உருட்டியதும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கத்தாரில் இருந்து வந்த நாளில் இருந்து மனுஷனுக்கு இந்த சோலார் பைத்தியம். வீட்டுக் கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டு, பாரம் தாங்காது என்று கம்பனிக்காரர்கள் கையை விரித்தார்கள். சரி, விட்டாரா? தன் காணிக்கும் தங்கச்சி காணிக்கும் நடுவில், எல்லை வேலியை ஒட்டி, இரும்புத் தூண்களை நட்டு, லொறி நிறுத்துகிற உயரத்துக்குச் சட்டம் அடித்து, அதன் மேல் பேனல்களைப் பரப்பினார். அதுவும் சரியாக றுஸைனாவின் கன்று மேடைக்குக் கிழக்குப் பக்கமாக.

வாப்பாவின் காணியில் அவளுக்குக் கிடைத்தது ஓரத்துத் துண்டு. அதில் வீடும் கிணறும் போக மிஞ்சிய நீட்டு இடத்தில்தான் மேடை போட்டிருந்தாள். தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பிய ட்ரேக்களில் மிளகாயும் கத்தரியும் கறிமிளகாயும் விதைத்து, கன்றாக்கி விற்கிற வேலை. மழைக்காலப் பெரும்போகம் தொடங்கப் போகிறது என்றால் சுற்றுவட்டாரத்தில் பயிர் செய்கிற கமக்காரர் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். "றுஸைனாட கண்டு வெச்சா காத்துக்கும் சாயாது" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிப் போவார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், காலை வெயிலை நானாவின் பேனல் மறைக்கிறது. சூரியன் ஒரு மாதிரி அதற்கு மேலே ஏறி வந்து கொஞ்ச நேரம் மேடையைப் பார்க்கும். அதற்குள் மேற்குப் பக்கத்தில் இருக்கிற அவளுடைய வீட்டு நிழல் வந்து மூடிவிடும். காலையில் நானா, பின்னேரம் அவளுடைய சொந்த வீடு. யாரோடுதான் சண்டை பிடிப்பது?

தன் வீட்டுக்காரர் இப்திகாரிடம் சொன்னால், அவரோ தம்புள்ளை மார்க்கட்டில் நாள் முழுக்க மரக்கறி மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து களைத்துப்போய்க் கிடப்பார்.

"ஸபூர் செய் புள்ள, கொஞ்சம் பொறுத்துக்க. உடன்பிறப்பு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவர்தானே வந்து நிக்கணும்."

"நான் கேக்கிறது நல்லது கெட்டது இல்லங்க. வெயில்."

"வெயில யாரும் எடுத்துட்டுப் போக ஏலுமா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தார்.

நானாவாவது ஒரு நாள் கேட்பது மாதிரிக் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் பேச்சில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தவர் போல மேடைக்கு மேலே கையைக் காட்டினார். "நீயே கறுப்பு வலை கட்டி நிழல் போட்டிருக்கே. நான் நிழல் போட்டா மட்டும் குத்தமா?"

"வலை போட்டா பாதி வெயிலாவது வரும் நானா. உங்கட பேனலுக்குள்ளால ஒண்ணும் வராது. நோன்பு பிடிக்கிறதும் பட்டினி போடுறதும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் சாப்பிடுறதில்லதானே" என்றார் நானா. இந்த மனுஷனை என்னதான் செய்வது!

கடைசியில் வேறு வழியில்லாமல் விஷயத்தைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொண்டுபோனாள். தலைவர் ஸக்கரியா ஹாஜியார் நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவள் தனக்குத் துணைக்கு லோஜனையும் வரச் சொல்லியிருந்தாள். லோஜன் அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியர், வவுனியாப் பக்கத்துப் பொடியன், படித்தவன். அவன் வாயால் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினாள். பாவம், நம்பினாள்.

எல்லாரும் மேடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லோஜன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"ஐயா, தாவரங்கள் ஒளித்தொகுப்பின் மூலம் தங்களுக்கு வேண்டிய குளுக்கோசைத் தயாரிக்குது. அதே நேரம் ஒவ்வொரு கலத்திலயும் கலச்சுவாசம் நடக்குது. சுவாசத்தின் வீதம் ஒளித்தொகுப்பின் வீதத்தை விடக் கூடினால், ஈடுசெய் புள்ளிக்குக் கீழ போயிட்டுது எண்டு அர்த்தம்…"

ஹாஜியார் கையை உயர்த்தினார். "தம்பி, கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்."

"ஐயா, நான் தமிழிலதான் சொல்லுறன்."

றுஸைனா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தானே எழுந்தாள்.

"ஹாஜியார், நான் சொல்றேன். கண்டு தன்ட சாப்பாட்டத் தானே சமைக்குது. இலைதான் குசினி. தண்ணி வேர்ல இருந்து வரும், காத்து இலையில இருந்து வரும், அடுப்பு வெயில். வெயில் இல்லாட்டி அடுப்பு எரியாது. அப்படிச் சமைச்சு எடுக்கிறது ஒரு மாதிரிச் சக்கர. அந்தச் சக்கரயக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுத்தான் அது வேர் விடுது, இலை விடுது, உசிரோட நிக்குது. சமைக்கிறது வெயில் இருந்தா மட்டும்தான். ஆனா எரிக்கிறது ராப்பகலா. நாம தூங்கினாலும் மூச்சு ஓடுதில்லியா, அப்படி. இங்க சமைக்கிற நேரம் கொறஞ்சு போச்சு, எரிக்கிறது கொறயவே இல்ல. அதுதான் பிரச்சன."

ஹாஜியார் தாடியைத் தடவினார். கேட்கிறார், விளங்குகிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இன்னும் நெருங்கிச் சொன்னால் ஏறிவிடும் என்று நினைத்து, "நோன்பு பிடிச்சா ஸஹர் சாப்பிட்ட பிறகு நோன்பு திறக்கிற வரைக்கும் உங்கட உடம்பு எதுல ஓடுது ஹாஜியார்?" என்று கேட்டாள்.

"அல்லாஹ்ட கிருபையில மகள்" என்றார் ஹாஜியார்.

சுற்றியிருந்தவர்கள் "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள். அதை மறுத்துப் பேச அவளுக்கு வாயும் இல்லை, மனமும் இல்லை. ஸஹரில் சாப்பிட்ட சோறும் அந்தக் கிருபைதான் என்று சொல்ல நினைத்தபோது பேச்சு கைமாறிப் போய்விட்டது.

அவளிடம் இன்னும் ஒரு சாட்சி இருந்தது. அதே நாளில், அதே விதையில் போட்ட ஒரு ட்ரேயைத் தண்ணீர்த் தாங்கித் தொட்டிக்கு மேலே, நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் வைத்து வளர்த்திருந்தாள். அதை இறக்கிக் கொண்டுவந்து மேடைக் கன்றுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தாங்கிக் கன்றுகள் கட்டையாக, தண்டு பருத்து, இலை கரும்பச்சையாக நின்றன. மேடைக் கன்றுகள் வெளிறி, நெடுநெடுவென்று ஆடின. குருடனுக்கும் தெரியும் வித்தியாசம் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஹாஜியார் குனிந்து இரண்டையும் சாணால் அளந்தார். "ஸஜ்ஜாத் சொல்றது சரிதானே? நிழல்ல இருந்தது ரெண்டு மடங்கு உசரம்."

"அதுதானே நான் இவ்வளவு நாளாச் சொல்றேன்!" என்று நானா துள்ளினார்.

"அது உசரம் இல்ல ஹாஜியார், அது தவிப்பு!" என்று றுஸைனா கத்தினாள். லோஜன் "ஓம் ஐயா, அக்கா சொல்லுறது சரி, இதை எட்டியோலேசன் எண்டு…" என்று தொடங்கினான். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தீர்ப்பு மிக அன்பாக வந்தது. அதுதான் கூடுதல் எரிச்சல். கன்றுகளுக்கு நிழலால் கெடுதல் இல்லை, பார்க்கப் போனால் நன்மைதான். இருந்தாலும் தங்கச்சியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, ஸஜ்ஜாத் தன்னுடைய கரண்டில் இருந்து மேடைக்கு ஒரு பல்ப் பூட்டிக் கொடுக்க வேண்டும். நானா அன்று பின்னேரமே ஒரு பல்ப்பைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். வெயிலை மேலே பிடித்துக் கரண்டாக்கி, அந்தக் கரண்டை வயரில் இறக்கி, ஒரு சின்ன பல்ப்பில் எரித்து, அந்த மினுக்கு வெளிச்சத்தைக் கன்றுக்குக் கொடுக்கிறாராம். "இப்ப சந்தோஷமா?" என்று வேறு கேட்டார். றுஸைனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தத் தீர்ப்பு செய்த வேலை அத்தோடு முடியவில்லை. அவள் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்த நேரத்தில் நோனா வந்திருக்கிறாள். நோனா அயல் கிராமத்துச் சிங்களப் பெண். கமக்காரப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பெரும்போகத்துக்கு மிளகாய்க் கன்று எங்கே வாங்குவது என்பதை அவள்தான் முடிவு பண்ணுவாள். அந்த ஓடர் கிடைத்தால்தான் மேடை நிற்கும். கிடைக்காவிட்டால் ட்ரேக்களை அடுக்கிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். இது இப்திகாருக்கும் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

நோனா நெட்டைக் கன்றுகளைப் பார்த்து, "மெலிசா இருக்கே மல்லி?" என்று தம்பி முறை சொல்லிக் கேட்டுச் சந்தேகப்பட்டிருக்கிறாள். இப்திகார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஐயோ, பள்ளியில இருந்தே வந்து பார்த்து நல்லம்னு சொல்லிட்டாங்க. உசரமா இருக்கிறதால சீக்கிரம் காய்க்கும்" என்று சொல்லி, வெள்ளோட்டத்துக்கு வைத்துப் பார்க்கட்டும் என்று ட்ரேக்களை வண்டியில் ஏற்றி விட்டுவிட்டார்.

றுஸைனா வந்து கேட்டதும் பேயறைந்தது போல நின்றாள். "யார்ட அனுமதியில குடுத்தீங்க?"

"வித்தா நல்லதுதானே புள்ள? அவ தேடி வந்தா."

"உங்கட வாயில மண்ணள்ளிப் போட! என்ட பேரையே வித்துட்டீங்களே!"

சொன்ன பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தாள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த வாரமே நோனா திரும்பி வந்தாள். கையில் ஒரு பிடி கன்று. நட்ட நாள் வெயிலிலேயே பாதி சாய்ந்துவிட்டதாம். மிச்சம் ஒரு சின்னக் காற்றுக்கு வேரோரத்தில் மடங்கிப் படுத்துவிட்டதாம். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் றுஸைனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டாள், "உன்ட கை இப்படி இல்லியே. என்ன நடந்திச்சு?"

றுஸைனா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தாங்கிக் கன்றுகளைக் காட்டினாள். நோனா ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். அது ஆடிவிட்டு நேராக நின்றது. "இது ஹொந்தாய், நல்ல கண்டு" என்றாள். "ஆனா இது ஒரு ட்ரேதானே. முழு ஓடரும் இப்படித் தர ஏலுமா? இந்த வாரம் விதை போட்டாத்தான் எங்களுக்குச் சரி. ஏலாதுன்னா சொல்லு, நான் தம்புள்ளைப் பக்கம் பார்க்கிறேன். சங்கத்துக்கு நான்தானே பதில் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன் அக்கே" என்றாள் றுஸைனா. தாங்கிக்கு மேலே ஒரு ட்ரேதான் வைக்கலாம். மேடையில் வெயில் இல்லை. நாளைக்கு என்னத்தைச் சொல்வது?

நோனா போனதும் அவள் மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். முற்பகல், நல்ல வெயில் நேரம். ஆனால் மேடையில் நிழல், அந்த நிழலில் பட்டப்பகலில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. நேரே கொட்டகைக்குப் போனாள். நெல் காயப் போடுகிற பெரிய தார்ப்பாய்ப் படங்குகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். முக்காட்டை இறுக்கிக் கட்டி, நாலைந்து கல்லை ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். பேனலில் தூசு கழுவுவதற்கென்று நானா பூட்டியிருந்த இரும்பு ஏணியில் ஏறினாள்.

மேலே போனால் வெயிலாவது வெயில்! கண் கூசியது. இத்தனையும் இங்கேதான் கிடக்கிறது! ஒரு படங்கை விரித்து முன் வரிசைப் பேனல்கள் மேல் போட்டு, ஓரத்துக்குக் கல் வைத்தாள்.

நானா வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைபேசியோடு ஓடி வந்தார்.

"கரண்ட் விழுந்துட்டுது! கோடு அப்படியே கீழ வருது!" என்று கத்திக்கொண்டே வந்தவர், அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார். "றுஸைனா! இறங்கு! உனக்கு விசரா?"

"ஏன் நானா, பேனல் பழுதாகிட்டா?"

"பழுதில்ல! நீ வெயில மறைச்சா அது எப்படி ஓடும்?"

"நிழல்தானே போட்டேன். நிழல் நல்லதுன்னு சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் நின்னா உங்கட பேனலும் உசந்து வளரும், இருங்க."

நானா கைபேசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் கைபேசியைப் பார்த்தார்.

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு நானா? பதறுதில்ல? ஆனா நான் இந்தப் படங்கத் தூக்கினா உங்கட கோடு திரும்ப ஏறிடும். பேனலுக்கு ஒண்ணும் ஆகாது. வெயில் இல்லாட்டி அது சும்மா கிடக்கும், வந்தா ஓடும். என்ட கண்டுக்குச் சும்மா கிடக்க ஏலாது. அதுக்கு உசிர் இருக்கு. வெயில் வந்தாலும் வராட்டியும் அது மூச்சு விட்டாகணும், மூச்சு விட்டா சேத்து வெச்சது எரியும். வெளிச்சம் எங்கயாவது இருக்கும்னு நெனச்சு, இருக்கிற கடைசிச் சக்கரயையும் போட்டுக் கழுத்த நீட்டுது. தன்ட உடம்பத் தானே திண்டு உசருது நானா. அதத்தான் எல்லாருமா வந்து சாண் போட்டு அளந்து, நல்லா வளருதுன்னு சொல்லிட்டுப் போனீங்க."

நானா மேடைப் பக்கம் போனார். குனிந்து ஒரு கன்றை விரலால் தொட்டார். அது அவருடைய விரல் மேலேயே மடங்கி விழுந்தது. அதை நிமிர்த்தப் பார்த்தார். நிற்கவில்லை. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் விழுந்தது. மேலே எரிந்துகொண்டிருந்த பல்ப்பைப் பார்த்தார். சுவிட்சைத் தேடி அதை அணைத்தார்.

பிறகு அவளை அண்ணாந்து பார்த்தார்.

"கம்பனிக்காரங்களுக்கு இப்பவே கோல் எடுத்துப் பேசுறேன். பின்பக்கம் என்ட கிணத்தடியில இடம் சும்மாதானே கிடக்கு. கழட்டி அங்க கொண்டுபோய்ப் பூட்டச் சொல்றேன். இந்த வாரத்துக்குள்ள செய்யச் சொல்றேன். நீ விதையப் போடு."

றுஸைனாவுக்குக் கண் நிறைந்தது. அப்பாடா என்று மூச்சு விடப் போனாள்.

நானா தலையை ஆட்டிக்கொண்டே, மிகவும் அன்பாக, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

"ஆனா தங்கச்சி, இத நீ முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

றுஸைனா இரண்டாவது படங்கை விரித்து, மிச்சப் பேனல்களையும் மூடினாள்.